மாரோவிண்டா, ஆப்ளிவியனா? ஸ்கைரிம் முடித்தவர்கள் அடுத்து ஆட வேண்டியது எது

சித்தி மகன் ஸ்கைரிம் என்ற கணினி கேமை முடித்த கையோடு போன் செய்தான். "அண்ணே, இதுக்கு முன்னாடி வந்தது ரெண்டு இருக்காமே. எதை வாங்கறது?" தள்ளுபடி நாளை மறுநாள் முடிகிறதாம். ஒரு வரியில் சொன்னால் போதுமாம்.

ஒரு வரியில் தீர்கிற வழக்கா இது? மாரோவிண்ட் உசத்தியா, ஆப்ளிவியன் உசத்தியா என்ற சண்டை 2006இல் தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. அன்றைக்கு ஹாஸ்டல் அறையில் அடித்துக்கொண்டவர்கள் இன்றைக்குப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். நான் மாரோவிண்ட் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அவனுக்கு நான் மாரோவிண்டைச் சொல்லவில்லை. ஏன் என்று விளக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கேம் வரிசையில் மாரோவிண்ட் மூன்றாவது, 2002 மே மாதம் வந்தது. ஆப்ளிவியன் நான்காவது, 2006 மார்ச். ஸ்கைரிம் ஐந்தாவது, 2011 நவம்பர். மூன்றுமே பெதெஸ்டா என்ற நிறுவனம் செய்தவை. ஒவ்வொன்றும் தனிக் கதை, எதை முதலில் ஆடினாலும் குழப்பம் வராது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாரோவிண்டுக்கும் ஆப்ளிவியனுக்கும் தலைமை வடிவமைப்பாளர் ஒரே ஆள், கென் ரோல்ஸ்டன். ஆகவே "ஆப்ளிவியன் செய்தவர்களுக்கு மாரோவிண்டின் அருமை தெரியவில்லை" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தெரிந்துதான் மாற்றினார்கள். மாரோவிண்டைப் பற்றி வந்த ஒவ்வொரு புகாரையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். சரிசெய்த ஒவ்வொரு இடத்திலும் வேறொன்று போய்விட்டது. சண்டை முழுக்க அந்தப் போனவற்றைப் பற்றித்தான்.

முதல் புகார், அடித்தால் படாது. மாரோவிண்டில் நீங்கள் ஒரு கைதி. கப்பலில் கொண்டுவந்து சேடா நீன் என்ற சேற்றங்கரைக் கிராமத்தில் இறக்கிவிடுகிறார்கள். பதிவு அலுவலகத்தில் பேர், குலம், பிறந்த நட்சத்திரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள் (ஜாதகம் மாதிரியே 13 ராசிகள் உண்டு). அங்கே மேசைமேல் ஒரு இரும்புக் குத்துவாள் கிடக்கும். எல்லாரும் அதை எடுப்பார்கள். எடுத்துக்கொண்டு உற்சாகமாக ஓடிப்போய் கரையில் இருக்கும் ஒரு சேற்று நண்டைக் குத்துவார்கள். குத்து நண்டின் முதுகில் இறங்குவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நண்டுக்கு ஒன்றும் ஆகாது. மறுபடி குத்தினாலும் ஒன்றும் ஆகாது. நண்டு திருப்பிக் கடித்துக்கொண்டே இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறதென்றால், ஒவ்வொரு வீச்சுக்கும் தாயம் உருட்டுகிறார்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாமல். அந்த ஆயுதத்தில் உங்களுக்கு இருக்கும் தேர்ச்சி, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம், களைப்பு, எல்லாம் சேர்ந்துதான் பட்டதா இல்லையா என்று முடிவாகிறது. நீங்கள் நெடுவாளில் தேர்ச்சி என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் குத்துவாளை எடுத்துவிட்டீர்கள். போதாக்குறைக்கு ஓடி வந்ததில் களைப்புப் பட்டை காலி. தாயம் எங்கிருந்து விழும்? இதைப் பாதிப்பேருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் அரைமணியில் கோபத்தோடு அழித்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். அவர்கள்மேல் தப்பில்லை. தாயம் உருட்டினால் கட்டை கண்ணில் படவேண்டும், குறைந்தபட்சம் விலகினான், தடுத்தான் என்றாவது காட்டவேண்டும். இது மாரோவிண்டின் உண்மையான குறை. என் கட்சிக்காரர்கள் இதற்கு வக்காலத்து வாங்கும்போது எனக்கே சிரிப்பு வரும்.

ஆப்ளிவியனில் வாள் பட்டால் பட்டதுதான். தேர்ச்சி குறைவென்றால் அடி பலமாக விழாது, அவ்வளவே. கேடயத்தைத் தூக்கினால் தடுக்கும், ஸ்கைரிம் ஆடிய கைக்கு ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் போட்டியே இல்லை.

இரண்டாவது புகார் வழி. இங்கேதான் என்னால் பட்டென்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஸ்கைரிமிலும் ஆப்ளிவியனிலும் யாராவது கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டதும் திசைகாட்டியில் ஒரு அம்புக்குறி வந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும், ஊர் பேரே தெரிய வேண்டியதில்லை. மாரோவிண்டில் அம்புக்குறி கிடையாது. ஆள் சொல்வதைக் கேட்க வேண்டும். நம் ஊரில் வழி கேட்டால் சொல்வார்களே, "நேரா போ, ஒரு பாலம் வரும், தாண்டினதும் கிழக்கால திரும்பு, மலையடிவாரத்துல ஒரு பாழடைஞ்ச கட்டடம்" என்று, அதே மாதிரி. அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள், நீங்கள் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு நடக்க வேண்டும். முதலில் வந்தபோது அந்தக் குறிப்பேடும் தேதி வாரியாக ஒரே டைரி. எந்த வேலையின் குறிப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிச் சலிக்கலாம். பிறகு வந்த ட்ரைப்யூனல் என்ற விரிவாக்கத்தில்தான் (கேமோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதி) வேலைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி வந்தது.

இதில் பெயர் கெட்டது ஆர்க்ன்தாண்ட் என்ற இடம். ஆரம்பத்தில் ஒருவர் உங்களைக் குள்ளர்களின் பாழ் நகரம் ஒன்றுக்கு அனுப்பி ஒரு புதிர்ப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்வார். கதவு எங்கே என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை, அது தானாகத் திறக்காது, குழாயில் இருக்கும் ஒரு திருகைச் சுழற்ற வேண்டும். உள்ளே போனால் அந்தப் பெட்டி கைக்கடக்கமான ஒரு சிறு கட்டி, தட்டில் மற்ற பழைய சாமான்களோடு கலந்து கிடக்கும். நான் முதல் முறை மூன்று மாலைகள் தேடினேன். அதைப் பக்கத்தில் நின்று இரண்டு தடவை கடந்து போயிருக்கிறேன்.

இது குறையா, நிறையா? மூன்று மாலை போனது வீண் என்றுதான் அப்போது தோன்றியது. ஆனால் இன்றைக்கும் பால்மோரா என்ற ஊரிலிருந்து அந்த இடத்துக்குப் போகும் வழியை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். ஆப்ளிவியனில் 100 மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கிறேன், ஒரு குகையின் வழிகூட நினைவில்லை. நான் பார்த்ததெல்லாம் அம்புக்குறியைத்தான்.

பயணமும் அப்படியே. ஆப்ளிவியனில் வரைபடத்தில் ஊரைத் தொட்டால் அங்கே போய் நிற்பீர்கள், பெரிய நகரங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இது நடக்கும். மாரோவிண்டில் சில்ட் ஸ்ட்ரைடர் என்ற மாபெரும் பூச்சியின் முதுகில் ஏறிப் போக வேண்டும். சேடா நீனிலிருந்து பால்மோராவுக்கு நேர் வண்டி உண்டு. சாட்ரித் மோரா போக வேண்டுமென்றால் பால்மோராவில் இறங்கி மந்திரவாதிகள் சங்கத்தில் காசு கொடுத்து அங்கிருந்து மாற வேண்டும். சில துறைமுகங்களுக்குப் படகு மட்டும்தான். கொஞ்ச நாளில் பஸ் ரூட் மாதிரி எல்லாம் மனப்பாடமாகிவிடும். எங்கே மாறினால் சீக்கிரம் என்று தெரிவதே ஒரு பெருமை. நடந்தே போகிறேன் என்றால் கிளிஃப் ரேசர் என்ற பறக்கும் பிராணிகள் விடாது. ஒன்றை அடித்தால் இன்னொன்று வரும். அந்தத் தொல்லை எவ்வளவு பேர் வாங்கியது என்றால், மாரோவிண்டில் கப்பலில் உங்களை எழுப்பும் ஜியூப் என்ற கைதி, பிற்பாடு அவற்றையெல்லாம் விரட்டியடித்ததால் புனிதராக்கப்பட்டார் என்று அடுத்து வந்த கேம்களில் கதையே எழுதிவிட்டார்கள். ஸ்கைரிமின் டான்கார்ட் விரிவாக்கத்தில் அவரைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, மாரோவிண்டில் அப்படி என்னதான் இருக்கிறது? ஊர். நான் வேறெந்த கேமிலும் பார்க்காத ஊர். நடுவில் சாம்பலைக் கக்கும் சிவப்பு மலை. சாம்பல் புயல் வீசினால் உங்கள் ஆள் தானாகக் கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வான். அல்ட்ரூன் என்ற ஊரில் ஒரு பெரிய நண்டின் காலி ஓட்டுக்குள் வீடுகள். டெல்வானி என்ற மந்திரவாதிக் குடும்பத்தார் காளான்களைக் கோபுரமாக வளர்த்து அதில் குடியிருக்கிறார்கள், அந்தக் கோபுரங்களில் மேல் மாடிக்குப் படிக்கட்டே கிடையாது. பறக்கத் தெரியாதவனுக்கு எங்களிடம் என்ன வேலை என்று கேட்காமல் கேட்கும் வீடு. பறப்பது மாரோவிண்டில் சாதாரண மந்திரம். ஆப்ளிவியனில் அதை எடுத்துவிட்டார்கள். நகரங்களைச் சுவருக்குள் தனித்தனி அறைகளாக வைத்துவிட்டதால், பறந்து சுவரைத் தாண்டினால் அந்தப் பக்கம் நகரமே இருக்காது.

சேடா நீனை விட்டு வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் வானத்திலிருந்து அலறிக்கொண்டே ஒரு மந்திரவாதி விழுந்து சாவான். அவன் பையில் மூன்று சுருள்கள் இருக்கும். ஒன்றைப் படித்துவிட்டுக் குதித்தால் அரைத் தீவைத் தாண்டலாம். மந்திரம் 7 விநாடிதான் நிற்கும், கீழே வருவதற்குள் அது முடிந்துவிடும், அவன் செத்த மாதிரியே நீங்களும் சாவீர்கள். இறங்கும் முன் இரண்டாவது சுருளைப் படிக்க வேண்டும் என்பது ஒருமுறை செத்தால்தான் புரியும். எந்த அறிவிப்புப் பலகையும் இல்லாமல் ஒரு பிணத்தை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். மாரோவிண்ட் முழுக்க இதே குணம்தான். கதைக்கு முக்கியமான ஆளைக்கூடக் கொல்ல விடுவார்கள். விதியின் நூல் அறுந்துவிட்டது, முன்பு சேமித்து வைத்த இடத்துக்குப் போ, இல்லை இப்படியே வாழ் என்று ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். அதற்கப்புறமும் முடிவை எட்ட ஒரு பின்வாசல் வைத்திருக்கிறார்கள். ஆப்ளிவியனில் முக்கியமான ஆளை வெட்டினால் மயங்கி விழுந்து எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு நிற்பார்.

கதையும் மாரோவிண்டில் கனம் கூடியது. நீங்கள் தீர்க்கதரிசனத்தில் சொன்ன மறுபிறவி என்கிறார்கள் சிலர். பேரரசு தன் அரசியலுக்காக உங்களை அப்படிக் காட்டுகிறது என்று சந்தேகப்படவும் இடமிருக்கிறது. உங்களுக்கு முன்னால் அதே மறுபிறவி என்று நம்பித் தோற்றுப்போனவர்கள் ஒரு குகையில் ஆவிகளாக இருப்பார்கள், அவர்களோடு உட்கார்ந்து பேசலாம். வாழும் கடவுள் ஒருவர் தன் பெயரிலுள்ள நகரத்தில் மாளிகை கட்டிக் குடியிருக்கிறார். அவர் சொல்வது நிஜமா என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் முரண்பாடு. இதையெல்லாம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், குரல் மிகக் குறைவு. சித்தி மகனிடம் "நிறையப் படிக்கணும்டா" என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

இப்போது ஆப்ளிவியன் பக்கம். முதன்மைக் கதையைச் சீக்கிரம் கடந்துவிடலாம்: பேரரசர் கொல்லப்படுகிறார், நரகத்துக் கதவுகள் நாடெங்கும் திறக்கின்றன, நீங்கள் மூடுகிறீர்கள். பேரரசருக்கு பேட்ரிக் ஸ்டூவர்ட் குரல், அவர் மகன் மார்ட்டினுக்கு ஷான் பீன் குரல், அந்த இருவரும் பேசும்போது நன்றாக இருக்கும். மூன்றாவது கதவுக்குள் போகும்போது முதல் கதவுதானே இது என்று தோன்றும். ஐந்தாவதில் கொட்டாவி வரும்.

ஆனால் ஆப்ளிவியனின் உயிர் அங்கே இல்லை, கிளை வேலைகளில் இருக்கிறது. மாரோவிண்டில் கடைக்காரர் பகலும் இரவும் அதே இடத்தில் சிலை மாதிரி நிற்பார். ஆப்ளிவியனில் மனிதர்கள் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, கடை திறந்து, மாலையில் சத்திரத்துக்குப் போவார்கள். சில சமயம் இது கேலிக்கூத்தாகும். இரண்டு பேர் தெருவில் நின்று சேற்று நண்டைப் பற்றிச் சம்பந்தமில்லாமல் பேசிவிட்டு டக்கென்று விடைபெறுவார்கள். நாடு முழுவதற்கும் குரல் கொடுத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான், பிச்சைக்காரர் ஒரு வாக்கியத்தில் கரகரத்த குரலிலும் அடுத்ததில் ராஜசபைக் குரலிலும் பேசுவார். முகங்களை அவித்த உருளைக்கிழங்கு என்று கேலி செய்வார்கள், மறுக்க முடியாது. ஆனால் அந்த அன்றாட வாழ்க்கை இருந்ததால்தான் ஸ்கிங்கிராட் ஊரின் கிளார்த்திர் என்ற ஆள் கிடைத்தான். அக்கம்பக்கத்தார் மூன்று பேர் தன்னை வேவு பார்ப்பதாக நம்புகிறவன். நீங்கள் அந்த மூவரையும் நாள் முழுக்கப் பின்தொடர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்து என்னவெல்லாமோ நடக்கும். சிலைகள் நிற்கும் ஊரில் இப்படி ஒரு கதையை வைக்கவே முடியாது.

அதே ஊரில் கொலைகாரர் சங்கத்துக்காக ஒரு விருந்துக்குப் போவீர்கள். ஐந்து விருந்தாளிகள், பூட்டிய மாளிகை, எங்கோ ஒளித்துவைத்த தங்கம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். கொலைகாரன் நீங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் மேல் ஒருவரைச் சந்தேகப்பட வைத்து முடிக்கலாம். வேறொரு ஊரில் காணாமல் போன ஓவியரைத் தேடி அவர் வரைந்த படத்துக்குள்ளேயே நுழைவீர்கள். இந்த வேலைகளுக்கு நிகராக மாரோவிண்டில் ஒன்றுமில்லை. என் கட்சியில் இதை வாய்விட்டு ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு.

அப்படியானால் ஆப்ளிவியன்மீது ஏன் இவ்வளவு கோபம்? குதிரைக் கவசத்தால் என்பார்கள் சிலர். 2006 ஏப்ரலில் குதிரைக்கு மாட்டும் கவசத்தைத் தனியே காசுக்கு விற்றார்கள், அது இன்றுவரை பழமொழி மாதிரி நிற்கிறது. அது சில்லறை விஷயம். நிஜமான காரணம் உங்களோடு சேர்ந்து வளரும் உலகம்.

மாரோவிண்டில் பெரும்பாலான இடங்களில் எதிரியும் புதையலும் கையால் வைக்கப்பட்டவை. முதல் நாளே தவறான குகைக்குள் போனால் செத்துவிடுவீர்கள், 20 லெவல் கழித்துத் திரும்பி வந்து பழி தீர்க்கலாம். ஆப்ளிவியனில் நீங்கள் ஏற ஏற எல்லாரும் ஏறுவார்கள். கடைசியில் வழிப்பறிக்காரன் ஒருவன், ஒரு மாளிகையே வாங்கக்கூடிய கண்ணாடிக் கவசத்தைப் போட்டுக்கொண்டு வழிமறித்து 100 பொற்காசு கேட்பான். அந்தக் கவசத்தை விற்றுத் தொலையேன் என்று தோன்றும்.

இதைவிட மோசம் ஒன்று உள்ளே இருக்கிறது. இரண்டு கேமிலும் லெவல் ஏறும் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றே. தேர்ந்தெடுத்த திறமைகளைப் பயன்படுத்தினால் லெவல் ஏறும், எந்தத் திறமை எவ்வளவு வளர்ந்தது என்பதைப் பொறுத்து வலிமை, சகிப்பு போன்றவை 1 முதல் 5 வரை கூடும். கணக்குப் பார்க்காமல் ஆடினால் லெவல் மட்டும் ஏறும், ஆள் வலுவாக மாட்டான். மாரோவிண்டில் உலகம் அசையாமல் நிற்பதால் இது பெரிய சேதமில்லை. ஆப்ளிவியனில் உலகம் உங்களைவிட வேகமாக வளர்ந்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் சொன்ன யோசனையைக் கேளுங்கள்: நீங்கள் பயன்படுத்தவே போகாத திறமைகளை முக்கியத் திறமையாக எழுதிக்கொடுங்கள். வாள்வீரனாக ஆட ஆசைப்படுகிறவன் படிவத்தில் வாளை எழுதக்கூடாது! மாரோவிண்டின் தாயத்தைத் தூக்கியவர்கள் இந்தக் கணக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

2025 ஏப்ரல் 22 அன்று, அறிவித்த நாளிலேயே, ஆப்ளிவியனின் புதுப்பிப்பை வெளியிட்டார்கள். பெதெஸ்டாவோடு சேர்ந்து செய்தது விர்ச்சுவோஸ். உள்ளே பழைய எஞ்சின் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஓடும், வெளித்தோற்றத்தை அன்ரியல் 5 வரையும். அந்த லெவல் கணக்கை மாற்றிவிட்டார்கள், ஏறும் ஒவ்வொரு முறையும் 12 புள்ளி, விரும்பியபடி பிரித்துக்கொள்ளலாம். வேகமெடுத்துப் பாய்ந்து ஓடவும் முடிகிறது. வழிப்பறிக்காரனின் கண்ணாடிக் கவசம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. நல்ல கணினி இருந்தால் யோசிக்காமல் இதை வாங்கலாம். ஆனால் 125 ஜிபி இடம் கேட்கும், 16 ஜிபி ராம் இல்லாமல் பக்கத்தில் போக முடியாது, நல்ல கணினியிலும் திக்கித் திக்கி ஓடுகிறது என்ற புகார் உண்டு. சித்தி மகனிடம் இருப்பது ஆபீஸ் லேப்டாப்.

மாரோவிண்டுக்கு 1 ஜிபி போதும். வாங்குகிறவர்கள் இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்த பதிப்பை வாங்கி, ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சினில் ஓட்டுங்கள். ஆர்வலர்கள் அடியிலிருந்து புதிதாக எழுதியது, உங்கள் பழைய கேமின் கோப்புகளை எடுத்துக்கொண்டு ஓடும், விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும். ஆண்ட்ராய்டு போனில்கூட ஓட்டுகிறார்கள். பழைய எஞ்சினில் நாலடி தள்ளி எல்லாம் மூடுபனி, இதில் சிவப்பு மலையைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். தொடங்கும்போது எந்த ஆயுதத்தை எழுதிக்கொடுத்தீர்களோ அதையே வாங்குங்கள். நண்டைப் பார்த்தால் ஓடாதீர்கள், நடந்து போங்கள்.

கடைசியில் அவனிடம் நான் கேட்டது கேமைப் பற்றியே அல்ல. "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?" ஷிப்ட் வேலை, கைக்குழந்தை, இரவு முக்கால் மணி நேரம், அதுவும் வாரத்தில் நான்கு நாள் என்றான். மாரோவிண்டில் முக்கால் மணி நேரம் என்பது போன வாரம் அந்தப் பாலத்துக்கு எந்தப் பக்கம் திரும்பச் சொன்னார்கள் என்று குறிப்பேட்டைப் புரட்டுவதிலேயே போய்விடும். அதற்கு நான்கு நாள் சேர்ந்தாற்போல் வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு எடுத்தால் சரியாக இருக்கும். நான் அப்படித்தான் எடுக்கிறேன். ஆப்ளிவியனில் முக்கால் மணி நேரத்தில் ஒரு வேலை ஆரம்பித்து, நடுவில் ஒரு திருப்பம் வந்து, முடிந்தும் விடும்.

2006இன் பழைய ஆப்ளிவியனை வாங்கு, ஷிவரிங் ஐல்ஸ் சேர்ந்ததாக, என்றேன். அந்த விரிவாக்கத்தில் காளானும் கிறுக்கும் நிறைய இருக்கும், மாரோவிண்ட் வாசனை கொஞ்சம் அடிக்கும். குவாட்ச் நகரத்துக் கதவைக் குறைந்த லெவலிலேயே மூடிவிடு. லெவல் படுக்கையில் படுத்தால்தான் ஏறும், அதனால் கண்ட இடத்தில் தூங்காதே. கஷ்டமாக இருந்தால் கடினத்தைக் குறைக்கும் பட்டையை இழு, யாரும் பார்க்கப் போவதில்லை.

இரண்டு வாரம் சத்தமில்லை. அப்புறம் ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் வந்தது.

"அண்ணே, ஸ்கிங்கிராட்ல ஒருத்தன் ராத்திரி பன்னெண்டு மணிக்கு கோயிலுக்குப் பின்னாடி தனியா வரச் சொல்றான். போகட்டுமா?"

போ என்றேன்.